குவார்ட்ஸ் மேல் போட்ட சிவப்புக் கோடு

சேவியர் அண்ணன் காலமான செய்தி வந்தபோது நான் தெலுக் பங்லிமா காராங்கில், எங்கள் நிறுவனத்தின் பாறைக் கிடங்கில், அவர் கையெழுத்திருந்த பெட்டி ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். அவர் மனைவி மேரி அக்காதான் அழைத்தார். "வாசுகி, அண்ணே போயிட்டாரும்மா. பசியாறிட்டு வந்து ஒக்காந்தாரு, அவ்வளவுதான்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, பயம். அந்தப் பெட்டியிலிருந்த கல்லைப் பற்றிய உண்மை எங்கள் இருவருக்குத்தான் தெரியும். இனி நான் ஒருத்திதான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக் குடும்பத்தில் பிறந்தவர், ஞாயிறு பூசை தவறாதவர் என்பதெல்லாம் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரிந்ததே. சுபாங் ஜெயா அலுவலகத்தில் பல வருடம் எதிரெதிர் மேசையில் இருந்தோம். நிலவியல் படித்தவர்களில் அவரைப்போல் ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. அவரிடமே சொல்லியிருக்கிறேன். "ஆமாலா, அதனாலதான் மண்டை இன்னும் மண்டையா இருக்கு" என்பார்.

அந்தக் கல் வந்தது பகாங் மலையில் யாரோ எந்தக் காலத்திலோ கையால் குடைந்து கைவிட்ட தங்கச் சுரங்கத்திலிருந்து. அங்கே இன்னும் தங்கம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. கறுத்த பலகைப்பாறைக்குள் வெள்ளை வெளேரென்று குவார்ட்ஸ் கல் நாளங்கள் நரம்புபோல் ஓடும். ஓரிடத்தில் விரல் கனம், ஓரிடத்தில் ஒரு சாண், அப்புறம் சட்டென்று ஒன்றுமிருக்காது. தங்கம் இருந்தால் வெள்ளை கறுப்பைத் தொடும் ஓரத்தில்தான், பொட்டுப் பொட்டாக. அந்த ஓரத்தில் சுத்தியலால் தட்டினால் பூண்டு வாடை வரும். உள்ளே ஆர்சனிக் இருக்கிறதென்று அர்த்தம். பாறை வழுக்கி விழுவதும் அதே ஓரத்தில்தான்.

நாங்கள் முதன்முறை உள்ளே போன அன்று, அவர் இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். கணீரென்று கேட்ட சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று ஆனது. "வாசுகி, திரும்பு. ஓடாத, பேசாத, திரும்பு" என்றார். நாலடி தள்ளி அருமையான நாளம் ஒன்று தெரிந்தது. எனக்கு எரிச்சலான எரிச்சல். வெளியே வந்து அவரை நன்றாகக் கிண்டல் செய்தேன். அடுத்த முறை போனபோது அந்த நாலடியில் ஒரு கார் அளவுப் பாறை விழுந்து கிடந்தது. அவர் சொல்லுமுன்பே திரும்பி வெளியே நடந்தேன்.

அதன்பிறகு உள்ளே போகாமல் மேலிருந்து துளையிட்டோம். துளையில் வரும் உருளைக் கல்லை நீளவாக்கில் இரண்டாக வெட்டுவோம். ஒரு பாதி ஆய்வுக்கூடத்துக்கு, மறுபாதி பெட்டிக்கு. வெட்டுமுன் சிவப்புப் பென்சிலால் கோடு போட வேண்டும், இரண்டு பாதியிலும் நாளம் சமமாக விழும்படி. தங்கம் கண்ணில் பட்டாலும் கோடு அசையக் கூடாது. அன்று ஒரு துண்டில் தங்கம் மின்னியது. கோடு அசைந்தது. தங்கம் முழுவதும் ஒரே பாதியில் விழ, அந்தப் பாதியே ஆய்வுக்குப் போனது.

முடிவு வந்ததும் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவர் தொடவில்லை. "மோசமான ரிசல்ட்டுக்கு நான் பயப்பட மாட்டேம்மா. நல்ல ரிசல்ட்டப் பாத்தாத்தான் பயம்" என்றார். மறுபாதியையும் நீளவாக்கில் வெட்டி, ஒரு பங்கைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, மற்றதை ஆய்வுக்கு அனுப்பினார். கிட்டத்தட்ட வெறுங்கல். 'மாதிரி எடுத்ததில் பிழை, பொறுப்பு என்னுடையது' என்று அறிக்கையில் எழுதினார். திட்டம் நின்றது, அவருடைய பதவி உயர்வும் நின்றது. 'சேவியர் சொதப்பிட்டாரு' என்று பேசியவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

இப்போது தங்கம் விலை ஏறிக் கிடக்கிறது. புதிய நிர்வாகம் அந்தப் பழைய நல்ல முடிவைத் தூசி தட்டி எடுத்திருக்கிறது. சுரங்கத்துக்குள் ஆள் இறக்க என் கையெழுத்து வேண்டுமாம். மறுபாதியின் முடிவு என்னாயிற்று என்றேன். "சொதப்புன ஆளு குடுத்த ரிசல்ட்லா, அத யாரு நம்புவா?" என்றார் மேலாளர்.

ஓய்வுபெற்று வீட்டிலிருந்த சேவியர் அண்ணனுக்குப் போன் செய்து அழுதேன். அவர் இறப்பதற்கு நாலு நாள் முன்பு. "எம் பேரக் காப்பாத்துறதுக்காக நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஆனா உள்ள போறவனுக்கு வீட்டுல புள்ளைங்க இருக்கும்லா" என்றார்.

கோடு போட்டது அவரல்ல, நான். தங்கத்தைக் கண்ட ஆசையில் என் கை சாய்ந்தது. எந்தப் பாதியை அனுப்புவது என்று பார்த்து எடுத்ததும் நான்தான். அடக்கம் முடிந்த மறுநாள் இந்த உண்மையை எழுதி, கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சேர்த்து, நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டேன். வேலை இருக்குமா, இனி யாராவது என்னை நம்பி ஒரு கல்லைக் கொடுப்பார்களா, தெரியாது. கிள்ளானில் என் வீட்டு வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டாலே, நிர்வாகத்து ஆள்தானோ என்று சன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறேன்.

நினைவாக ஏதாவது எடுத்துக்கொள் என்று மேரி அக்கா அவருடைய பழைய வேலைப் பையைத் திறந்து காட்டினார். நான் எதையும் எடுக்கவில்லை. இத்தனை வருடம் நான் பயந்ததெல்லாம் எனக்காக. அவர் பயந்தது உள்ளே போகிறவர்களுக்காக. அந்தப் பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன், அண்ணே.