பதினோரு லாட்டும் ஒரே பெயரும்

சந்தனச்செல்வி எதையும் ஒருமுறை மோந்து பார்க்காமல் நம்பமாட்டாள். முத்தையாபுரத்தில் இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை. இறால் தலை கிள்ளுகிறவளாகச் சேர்ந்து, இப்போது தரம் பிரிக்கும் கொட்டகைக்கே சூப்பர்வைசர். ஒரு இறாலை விரலால் அழுத்தி, அது கடலைவிட்டு ஏறி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடுவாள். மாப்பிள்ளையூரணி வீட்டில் பால் பாக்கெட்டைக்கூட இரண்டு தடவை தேதி பார்த்துத்தான் பிரிப்பாள். "என் மேலயாவது ஒனக்கு நம்பிக்கை உண்டா?" என்று புருஷன் இசக்கியப்பன் கேட்பான். "பாதி" என்பாள்.

அப்படிப்பட்டவளையே ஒருநாள் சந்தேகக் கூண்டில் நிறுத்தினார்கள்.

ஒரே தடவையில் சேர்த்து அனுப்புகிற பெட்டிகளை ஒரு லாட் என்பார்கள். மூன்று மாதத்துக்குள் வெளிநாட்டுக்குப் போன பதினோரு லாட் இறாலை, வாடை அடிக்கிறது என்று வாங்கியவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். மேனேஜர் ராஜதுரை அவளை ஏசி அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். பதினோரு லாட் எண். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவள் பெயர்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. கம்ப்யூட்டர் சொல்லுது" என்றார்.

அவள் கொட்டகைக்குத் திரும்பியபோது பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இவர்களில் யாரோதான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள். பிறகு சந்தேகம் இல்மா மேல் போயிற்று. காயல்பட்டினத்திலிருந்து வரும் அந்தப் பெண் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. கம்ப்யூட்டர் முழுக்க அவள் கையில். நேரே அவள் அறைக்குப் போனாள்.

"ஏளா, இதுல என் பேரைப் போடச் சொன்னது யாரு?"

இல்மா எழுந்துவிட்டாள். "யாரும் போடலக்கா. சார் கேக்கச் சொன்ன கேள்விக்கு வந்த பதில் அது."

திரையைத் திருப்பிக் காட்டினாள். வாங்குகிறவர்களும் கம்பெனிக்காரர்களும் எங்கிருந்தும் கேட்டுப் பார்க்கிற இணையச் சேவை அது. லாட் ஒரு பதிவு. பெட்டிகள், கையெழுத்துப் போட்ட ஆள், ஏற்றி வந்த வேன் எல்லாம் தனித்தனிப் பதிவுகளாக அதோடு இணைந்திருக்கும். லாட்டைத் தேட லாட்டின் விவரம்தான் வேண்டுமென்பதில்லை. இணைந்திருப்பதன் விவரத்தைச் சொல்லியும் சலித்தெடுக்கலாம். ராஜதுரை கேட்கச் சொன்னது இதுதான்: ஒதுக்கப்பட்ட லாட்டுகளில், ஒரு பெட்டியிலாவது சந்தனச்செல்வி கையெழுத்து உள்ளவை எவை?

"என் பேரைச் சொல்லியே கேக்கச் சொன்னாரா?"

ஆமாம் என்று இல்மா தலையை ஆட்டினாள்.

"ஒரு பெட்டியிலாவதுன்னா? எல்லா லாட்டுலயும் கடைசிப் பெட்டிக்கு நான்தானளா கையெழுத்துப் போடுவேன்." சற்று யோசித்தாள். "நல்லபடியாப் போன லாட்டையும் இதே மாதிரி கேளு."

நல்லபடியாகப் போனவை அந்த வருடத்தில் நாற்பத்தாறு. நாற்பத்தாறிலும் அவள் பெயர் இருந்தது. இல்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சந்தனச்செல்வி சிரிக்கவில்லை.

"இப்ப வேனை வச்சுக் கேளு."

இந்த முறை ஒரு வேன் எண் தனியாகத் தெரிந்தது. ஒதுக்கப்பட்ட பதினொன்றிலும் அதே வேன். நல்ல லாட்டுகளில் ஒன்பதில் மட்டும். கீழவைப்பாரிலிருந்து பால்துரை ஓட்டி வரும் வேன். அவரை அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. வழியில் நிறுத்தி டீ குடிப்பார்; ஏன் தாமதம் என்று கேட்டால் சிரித்து மழுப்புவார். அதைத் தாளில் எடுத்து அவளே ராஜதுரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அன்று மதியமே பால்துரையிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். "நான் என்ன சார் செஞ்சேன்?" என்று அவர் கேட்டது கொட்டகைவரை கேட்டது. அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் வரும்போது அந்த ஒன்பது லாட் நினைவுக்கு வந்து உறுத்தியது. இல்மாவுக்கு ஃபோன் போட்டுத் தேதி கேட்டாள். ஒன்பதும் ஜூலைக்கு முன்னால் போனவை. அதே வேன், அதே ஆள். ஜூலையில் என்ன மாறியது?

பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே வேன் நிற்கும் இடத்துக்குப் போனாள். அங்கிருந்த ஆளிடம் சொல்லிக் குளிர்மெஷினை ஓடவிட்டு, பின்கதவைச் சாத்தவைத்து, கதவு விளிம்பு நெடுக உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனாள். கீழ் மூலையில் ஜில்லென்று காற்று அடித்தது. ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் கிழிந்து தொங்கியது.

"வேனோட ரிப்பேர்ப் பதிவும் இதுல சேர்ந்திருக்கா?" என்று இல்மாவின் அறைக்குப் போய்க் கேட்டாள்.

ரிப்பேர் மனு ஒன்றாவது நிலுவையில் உள்ள வேன் எது என்று இல்மா கேட்டுப் பார்த்தாள். அந்த ஒரே வேன்தான் வந்தது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என மூன்று மனு. மூன்றிலும் 'கதவு ரப்பர் கிழிந்துள்ளது, குளிர் நிற்கவில்லை' என்றிருந்தது. எழுதியது பால்துரை. அனுமதிக்க வேண்டியவர் ராஜதுரை.

இல்மாவின் குரல் தாழ்ந்தது. "சார்கிட்டக் காட்டவாக்கா?"

"அவருக்கு மட்டும் காட்டுனா இந்த மூணும் நாளைக்கு இங்கன இருக்குமா? ரெண்டு காப்பி எடு. முதல்ல முதலாளிக்கு அனுப்பு."

ராஜதுரை தாளைப் படித்துவிட்டு, "கவனத்துல இல்லாமப் போச்சு" என்றார். உண்மையிலேயே கவனத்தில் இல்லையா, தெரிந்தேதான் அவள் பெயரைச் சொல்லிக் கேட்கச் சொன்னாரா என்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சாயங்காலமே புது ரப்பர் வந்துவிட்டது. முதலாளி ராஜதுரையிடம் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார் என்று பேச்சு. அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். பால்துரையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. அதற்குள் உப்பு லாரிக்கு ஓட்டப் போயிருந்தார்.

ஒருநாள் முத்தையாபுரம் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தப்பு என்னுது. ஒங்க வேன் நம்பரைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்."

பால்துரை அவளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"இதைச் சொல்லச் சொல்லி யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல."

"எதுலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா."

"கையெழுத்தெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி."

அவர் நம்பவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இசக்கியப்பனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். உட்காரச் சொன்னார். காபி வந்தது. வேனைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அரைமணி நேரம் மழையைப் பற்றியும் உப்பு லோடு பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது, "ரப்பர் மாத்திட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"மாத்திட்டாங்க அண்ணாச்சி. நானே தொட்டுப் பார்த்தேன்."

தெருமுனைவரை வந்து வழியனுப்பினார்.