பெயர்ப்பலகையில் ஒட்டாதீர்கள்

ஹால்ட் ஸ்டேஷனில் ரயில் நிற்பது ஒரே ஒரு நிமிடம். மீதி நேரமெல்லாம் அங்கே ஆடு நிற்கும், பைக் நிற்கும், சண்டை போட்டுக்கொண்டு புருஷன் பெண்டாட்டி நிற்பார்கள், எல்லோரையும் பார்த்துக்கொண்டு நான் நிற்பேன்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் சுள்ளங்குளம் ஹால்ட். ஊர்ப் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். நாளைக்கும் நான் அங்கேதான் வேலைக்குப் போக வேண்டும். நான் ரயில்வே ஊழியர் இல்லை, ஒப்பந்தத்தில் டிக்கெட் விற்கும் ஏஜென்ட். ஆனால் டிக்கெட் கொடுப்பது, தேதி முத்திரை குத்துவது, கூட்டிப் பெருக்குவது, ஆடு விரட்டுவது எல்லாம் நான்தான். ஊரில் என் பெயர் சாந்தி என்பது மறந்துபோய், 'டேசன்க்கா' ஆகிவிட்டேன். நூலகம், ரேஷன் கடை, சத்துணவுக்கூடம் என்று ஊருக்குப் பொதுவான எதையாவது பார்த்துக்கொள்ளும் வேலையில் நீங்கள் இருந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டியதே இல்லை. நம் கதை ஒன்றுதான்.

குழாய் காயும் நேரம்

எங்கள் பக்கம் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுவார்கள். மருந்தெல்லாம் கம்பெனியில்தான், வீட்டில் வெறும் காகிதமும் பசையும். உருட்டிய குழாயை வெயிலில் காயவைக்க வேண்டும். ஊரிலேயே மேடு பள்ளம் இல்லாமல், சிமெண்ட் பூசி, நான் தினமும் கூட்டி வைக்கும் ஒரே இடம் பிளாட்பாரம். தீபாவளி சீசன் வந்துவிட்டால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குழாய்தான். ரயில் ஏறுகிறவர்கள் கோலத்தைத் தாண்டுவதுபோல பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போவார்கள்.

ஒருநாள் நிற்காத வண்டி ஒன்று வேகமாகப் போனது. அது கிளப்பிய காற்றில் அத்தனை குழாயும் உருண்டு தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. குழாய்க்காரம்மா முத்துலட்சுமி நேரே என் டிக்கெட் சன்னலுக்கு வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். "டிரைவருகிட்டச் சொல்லி வையி தாயி. குழா காயுற நேரத்துல இப்பிடியா வண்டிய ஓட்டிட்டு வாரது?"

பைக்குள் ஸ்டேஷன்

பிளாட்பாரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. அதன் தலையிலுள்ள திருகை முதல் தடவை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். புதிது போட்டோம், அதுவும் போனது. மூன்றாவது போட்டபோது எனக்குப் புத்தி வந்தது. சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது நானே அதைக் கழற்றி என் பையில் போட்டுக்கொள்வேன். பிறகு பல்பையும் கழற்ற ஆரம்பித்தேன். சுவர்க் கடிகாரமும் சேர்ந்தது. காலையில் வந்ததும் முதல் வேலை, ஸ்டேஷனை மாட்டுவது.

ஒரு காலையில் வெளியூர்க்காரர் ஒருவர் குழாயடியில் நின்று தண்ணீர் வரவில்லை என்றார். இருங்கள் என்று என் சாப்பாட்டுப் பையைத் திறந்து, தயிர்சாத டப்பாவுக்கு அடியிலிருந்து திருகை எடுத்து மாட்டிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி பையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தண்டவாளத்த மட்டும் ராத்திரி இங்கனயே விட்டுட்டுப் போயிருவீகளோ?"

இமயம் சாய்ந்தது

இனி பெயர்ப்பலகை. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர் பெயர் எழுதியிருக்கும், எல்லா ஸ்டேஷனிலும் இருப்பதுதான். ஆனால் எங்கள் ஊர் சிவகாசிக்குப் பக்கத்து ஊர். வீட்டுக்கு ஒருவர் அச்சாபீஸில் இருக்கிறார். மற்ற ஊர்களில் காதுகுத்துக்குப் பாயசம் வைப்பார்கள். இங்கே முதலில் போஸ்டர் அடிப்பார்கள். அடித்த போஸ்டரை ஒட்ட வாட்டமான இடம் வேண்டாமா? கண்ணீர் அஞ்சலி, சடங்கு, கல்யாணம், புதுமனை எல்லாம் பெயர்ப்பலகை மேல்தான்.

கிழிக்கலாமே என்பீர்கள். சடங்கு போஸ்டரைக் கிழிக்கலாம், ஒரு வாரம் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். இறந்தவர் போஸ்டரைப் பதினாறாம் நாள் விசேஷம் முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு. பதினாறு நாள் முடிவதற்குள் இன்னொருவர் போய்ச் சேர்ந்துவிடுவார், பலகையில் அடுத்த போஸ்டர் ஏறிவிடும். நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஊர்ப் பெயரை முழுதாகப் பார்த்ததே இல்லை. ஒருமுறை ரயில் சன்னலிலிருந்து ஒருவர் இது எந்த ஊர் என்று கேட்டார். சுள்ளங்குளம் என்றேன். அவர் பலகையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "இமயம் சாய்ந்ததுன்னுல்ல போட்டிருக்கு?"

தாண்டிப் போன ரயில்

காலை ஏழு நாற்பது பாசஞ்சர்தான் எங்கள் ஊரைச் சிவகாசிக்குக் கொண்டுபோகும் வண்டி. பழக்கமான டிரைவர்கள் ஆளைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் புது டிரைவர். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் வளர்ந்து பிளாட்பாரத்தை மூடியிருக்கிறது. பலகையில் ஒரு பெரியவரின் படம், அதன்மேல் உண்மையான சம்பங்கி மாலை வேறு. வண்டி ஸ்டேஷனைத் தாண்டிப் போய் எங்கேயோ நின்றது. ஊரே ஜல்லிக்கல்லில் ஓடியது. தூக்குவாளியோடு முதலில் ஓடியவள் பேச்சியம்மாள். ஓர் அச்சாபீஸில் லேபிள் வெட்டுகிற பெண். எட்டரைக்குக் கேட்டைப் பூட்டிவிட்டால் அன்றைய வேலை போச்சு. அவள் வீட்டுக்காரர் முதுகெலும்பு ஒடிந்து படுக்கையில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் அவள் ஒருத்தி உழைப்பில்தான் படிக்கிறார்கள்.

நானும் பின்னாலேயே ஓடிப்போய் டிரைவரைச் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை, பாவம். "டேசனத் தேடிக்கிட்டேதாம்மா வந்தேன். முள்ளுக்காட்டுக்குள்ள ஒரு தாத்தா படத்துக்கு மாலை போட்டிருந்துச்சு. சுடுகாடாக்கும்னு தாண்டிட்டேன்."

ஒரு காலையில் காணாமல் போன காடு

அந்த டிரைவர் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டார். மேலேயிருந்து தகவல் வந்தது: திங்கட்கிழமை ஓர் அதிகாரி அதே பாசஞ்சரில் வந்து பார்ப்பார், பெயர்ப்பலகை தூரத்திலிருந்து தெரியவில்லை என்றால் இங்கே ரயில் நிற்பதை ரத்து செய்வார்கள். ரயில் நிற்கவில்லை என்றால் எனக்கு வேலை இல்லை. நானாவது இன்னொரு வேலை தேடுவேன். பேச்சியம்மாள் மெயின் ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து, எட்டரைக்குள் போய்ச் சேரவே முடியாது.

வார்டு மெம்பர் பால்ச்சாமியிடம் போனேன். நல்ல மனுஷன், எதற்கும் முன்னால் நிற்பார், போட்டோவில் இன்னும் கொஞ்சம் முன்னால். அவர் ஊரைக் கூட்டினார். முள்ளை வெட்ட ஆள் கேட்டேன். அது ரயில்வே முள், ரயில்வேதான் வெட்ட வேண்டும் என்று ஒரே குரலில் சொன்னார்கள். சரி என்று மறுநாள் ஒரு வேலை செய்தேன். இலவசம் என்றால் விடமாட்டார்கள் என்று தெரியும். மேலே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, வெட்டுகிற விறகு வெட்டுகிறவருக்கே என்று முத்துலட்சுமி காதில் மட்டும் போட்டேன். வேறு யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொன்னேன். விடிவதற்குள் ஊரே அரிவாளோடு வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் காடு காலி. காட்டோடு சேர்த்து, வேலிக்கம்பியும் காலி. வேலிக் கல் மட்டும் நின்றது. ஏன் என்று முத்துலட்சுமியிடம் கேட்டேன். "பழைய இரும்புக் கடையில கல்ல எடுக்க மாட்டாகல்ல தாயி."

அடியில் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை நானும் பேச்சியம்மாளும் பலகையைச் சுரண்டினோம். கடைசிப் போஸ்டருக்கு முந்தின நாள்தான் பதினாறு முடிந்திருந்தது. அது எங்கள் அதிர்ஷ்டம். தண்ணீரை ஊற்றி ஊறவைத்து உரித்தால், அடை அடையாக வந்தது. மேலே செத்துப்போனவர், அதற்கு அடியில் இருந்த சடங்கு போஸ்டரில் உயிரோடு சிரித்துக்கொண்டிருந்தார். சடங்கு ஆன பெண் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். இன்னும் அடியில் பேச்சியம்மாளின் கல்யாணப் போஸ்டரே வந்தது. மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, நேராக நின்றார்.

பேச்சியம்மாள் சுரண்டுவதை நிறுத்திவிட்டாள். அந்தத் துண்டை மட்டும் கிழியாமல் உரித்து, முந்தானையால் ஒற்றி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மறுபடி கத்தியை எடுத்தாள். "போயிக் காட்டணும்க்கா. இப்பிடி நிமிந்து நின்ன ஆளுன்னு அவருக்கே மறந்துபோச்சு."

சாயந்திரம் நாங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது 'சுள்ளங்குளம்' பளிச்சென்று தெரிந்தது.

வருக, வருக

திங்கட்கிழமை காலையில் கையில் பல்பும் திருகுமாக வந்து பார்த்தால், பெயர்ப்பலகையைக் காணோம். அதாவது பலகை இருக்கிறது. அதன்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நாலு வண்ணத்தில் ஒரு போஸ்டர். 'எங்கள் ஊரின் பெயர்ப்பலகையை ஆய்வு செய்ய வருகை தரும் அதிகாரி அவர்களே, வருக, வருக.' நடுவில் அதிகாரியின் பெயர், ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம். கீழே வரவேற்பவர்கள் படம், முதல் படம் பால்ச்சாமி. பக்கத்தில் பசை வாளியோடு அவரே நிற்கிறார், முகமெல்லாம் பூரிப்பு. நான் தலையில் கை வைத்தேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

அதிகாரி இறங்கினார். வெட்டிய காட்டைப் பார்த்தார், கம்பி இல்லாத வேலியைப் பார்த்தார், பலகை முன்னால் வந்து நின்றார். தூக்குவாளியோடு வண்டியில் ஏறப்போன பேச்சியம்மாள் திரும்பி ஓடிவந்தாள். பசை காயவில்லை. போஸ்டரின் மேல் நுனியைப் பிடித்து ஒரே இழு. பால்ச்சாமியின் முகம் நடுவில் கிழிந்து அவர் காலடியிலேயே விழுந்தது. பலகையில் பசை வழிந்தாலும் பெயர் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடி வண்டியில் தொற்றிக்கொண்டாள். அதிகாரி ஒரு மாதம் தவணை கொடுத்தார். பெயர் தெரிந்தது என்று தினமும் டிரைவர் எழுதித் தரவேண்டும், ஒருநாள் பெயர் மறைந்தாலும் அத்தோடு சரி. அழைத்துப்போக வந்திருந்த ஜீப்பில் ஏறும்போது அதிகாரி பால்ச்சாமியின் தோளில் கை போட்டுச் சொன்னார். "என் பேரு எனக்கே தெரியும் சார். ஊர் பேர்தான் தெரியாம வந்தேன்."

பதினாறு நாள்

அந்த ஒரு மாதமும் நான் பலகைக்குக் காவல் இருந்தேன். பால்ச்சாமி என்னோடும் பேசவில்லை, பேச்சியம்மாளோடும் பேசவில்லை. மூன்றாவது வாரத்தில் அவருடைய அம்மா இறந்துபோனார். நான் துக்கம் கேட்கப் போனேன். போய்வந்தும் எனக்கு ஒரே நினைப்பு. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை: அந்த அம்மாவை நினைக்கவில்லை, பலகையை நினைத்தேன்.

மறுநாள் காலையில் பால்ச்சாமி மொட்டைத் தலையோடு வந்தார். ஒரு கையில் சுருட்டிய போஸ்டர், ஒரு கையில் பசை வாளி. அம்மா படம், கீழே வழக்கமான வரி. ஏழரை மணி. பேச்சியம்மாள் உட்பட எல்லோரும் வண்டிக்கு நிற்கிறார்கள். யாரும் தடுக்க முடியாது, ஒட்டுவது அவர் உரிமை, ஒட்டிவிட்டால் பதினாறு நாள் யாரும் தொட முடியாது. அவர் பலகையின் முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். வாளியைக் கீழே வைத்தார், எடுத்தார். பிறகு திரும்பி, நேரே என் சன்னலுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "எங்காத்தாளும் இந்த வண்டியிலதான் கடைசி வரைக்கும் ஆசுபத்திரிக்குப் போயி வந்தா. அவளால நிக்காமப் போயிரக் கூடாது. ஒங்க சன்னல்ல ஒட்டிக்கிறட்டுமாக்கா?"

ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். பேச்சியம்மாள் தூக்குவாளியை வைத்துவிட்டு வந்து, போஸ்டரின் ஒரு நுனியைப் பிடித்துக்கொடுத்தாள். ஏழு நாற்பதுக்கு வண்டி வந்து சரியாக நின்றது.

ரயில் இன்றும் நிற்கிறது. என் சன்னலில்தான் கை போகிற அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டு அந்த அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார், பதினாறு நாளுக்கு டிக்கெட் கொடுப்பது அவரா நானா என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது.