முதல் தடவையிலேயே விழுந்த ரேகை

நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக வரும், முன்னால் நடந்தது பின்னால் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள். மரக்காணம் அளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உப்பு வாரினேன். அங்கே ஆள் வருகை பதிய ரேகை மெஷின் வந்த பிறகு நடந்ததை, புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் மெஷின் அம்புஜத்தைப் போலி என்று சொல்லிவிட்டது.

அம்புஜம் என் பக்கத்துப் பாத்தியில் உப்பு இழுக்கும் பலகை பிடிப்பவள். வராத ஆளுக்கு யாரோ ரேகை வைத்துக் கூலி வாங்குகிறார்கள் என்ற சந்தேகத்தில், உயிருள்ள விரலா பொய் விரலா என்று பார்க்கிற புது மெஷினை அன்றுதான் மாட்டியிருந்தார்கள். அவள் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடி சிவப்பு.

மேஸ்திரி சத்தம் போட்டார். "ஏம்மா, யாரு விரலக் கொண்டாந்த? மூணு வாட்டி சிவப்பு வந்தா பேரையே எடுத்துடச் சொல்லியிருக்காங்க."

"என் விரலு என் கையிலதானே ஒட்டிக்கினு இருக்குது? சந்தேகம்னா கடிச்சுப் பாருய்யா."

வரிசை சிரித்தது. அம்புஜம் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு தடவைதான் மிச்சம்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. கால் மாற்றிக் கால் ஊன்றிக்கொண்டிருந்தேன். பொய் விரல் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பத்து நாளாகவே தெரியும்.

நான் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டேன், கூச்சம். கையைத்தான் பார்ப்பேன். சித்திரை, வைகாசியில் எங்கள் யார் விரலிலும் கோடு இருக்காது, உப்புத்தண்ணி தின்றுவிடும். நெற்றியிலும் மூக்கோரத்திலும் விரலைத் தேய்த்து எண்ணெய்ப்பசை ஏற்றி, ஐந்தாறு தடவை அழுத்தினால்தான் ரேகை விழும். ஒரே ஒரு பெயருக்கு மட்டும் தினமும் முதல் தடவையிலேயே விழுந்தது. மேஸ்திரியின் மச்சான் பெயர். அந்த ஆளை நான் அளத்தில் கண்டதேயில்லை. மேஸ்திரியின் கட்டைவிரல் நுனியில் வெங்காயச் சருகு மாதிரி, வேறு ரேகை பதிந்த ஒன்று ஒட்டியிருந்ததைத்தான் கண்டேன். அன்றைக்குப் புது மெஷினும் அதற்குப் பச்சை காட்டியது. சருகுக்கு அடியில் உயிருள்ள விரல் இருந்ததே!

மெஷின் மாட்டியவர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்புஜம் மூன்றாம் தடவைக்கு விரலைத் தூக்கினாள். நான் அவருடைய செருப்பைப் பார்த்தபடியே பேசினேன்.

"சார், சிவப்பு வர்றவங்கள வுடுங்க. ஒரே வாட்டியில பச்சை யாருக்கு வருதுன்னு பாருங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"இந்த வெயில்ல அளத்துக் கை ஒரே வாட்டியில விழாது சார். விழுந்தா அது அளத்துக் கை இல்ல."

"இந்தம்மாவுக்கு வாய் இருக்குதுன்னே இன்னிக்குத்தான் தெரியுது," என்றார் மேஸ்திரி.

மெஷின்காரர் லேப்டாப்பைத் திறந்தார். யார் எத்தனை தடவை அழுத்தினார்கள் என்பதெல்லாம் பழைய மெஷினில் பதிவாகியிருந்தது. எல்லாருக்கும் நாலு, அஞ்சு, ஏழு. ஒரு பெயருக்கு மட்டும் மாசம் பூராவும் ஒன்று. "கட்டைவிரலக் காட்டுங்க," என்றார். மேஸ்திரி கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அம்புஜத்தின் பெயர் தப்பியது. காய்ந்துபோன தோலை மெஷின் ரப்பர் என்று நினைத்துவிட்டதாம், அதன் கண்டிப்பைக் கொஞ்சம் இளக்கி வைத்துவிட்டுப் போனார். வெயில் காலத்தில் முதல் தடவையே பச்சை வந்தால் ஆளை நிறுத்தி விசாரிக்கச் சொல்லியும் போனார்.

அடுத்த வைகாசியில் காய்ச்சலில் ஒரு மாசம் படுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். விரலை வைத்தேன். ஒரே தடவை. பச்சை.

"ஓரமா நில்லுங்கம்மா," என்றார் புது மேஸ்திரி.

கையைப் பார்த்தேன். வெடிப்பெல்லாம் ஆறி, கோடு கோடாக ரேகை திரும்ப முளைத்திருந்தது. வெயில் ஏறுகிறவரை நின்றேன். அம்புஜம்தான் பலகையைப் போட்டுவிட்டு வந்தாள்.

"யோவ், இது அவ கைதான். படுத்துக்கினு சோறு தின்னுச்சு, மினுக்குது. இதையும் கடிச்சுப் பாக்கணுமா?"

நான் கற்றது இதுதான். மெஷினுக்கு ஒரு விதியைச் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும். ஓய்ந்த கையில் ரேகை திரும்பும் என்பது எனக்குத் தெரியும். அன்று அதைச் சொல்லாமல் விட்டேன்.

பேரை எடுக்கச் சிவப்பு மூன்று தடவையா நான்கா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அம்புஜம் இன்னும் அளத்துக்குப் போகிறாள். யாராவது அவளிடம் கேட்டுத் திருத்துங்கள். காய்ச்சலில் கிடந்து வருகிறவர்களை இப்போதும் ஓரமாக நிறுத்துகிறார்களா என்றும் கேளுங்கள்.