வெளியே போன மாடிப்படி

கிளாஷ் என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான். அதுவரை அலுவிகாரையில் இருந்த அந்த ஓட்டு வீட்டில் எது எதோடு முட்டினாலும் யாரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை. அல்மாரிக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். கட்டிலைக் கொஞ்சம் தள்ளிவிட்டுத் திறப்போம். அவ்வளவுதான்.

அப்போது நான் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பிம் என்று ஒரு பாடம். கட்டடத்தை வெறும் கோடுகளாக வரையாமல், ஒரு கல் வைப்பதற்கு முன்பே கம்ப்யூட்டருக்குள் முழுசாகக் கட்டிப் பார்க்கிற வேலை. அந்த மொடலில் இருக்கும் கதவைத் தொட்டால் தன் அகலம் என்ன, என்ன மரம், எந்தப் பக்கம் திறப்பேன் என்று எல்லாம் சொல்லும். முதல் வகுப்பிலேயே எங்கள் சேர் சொற்களை மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டார். தண்ணீர்க் குழாய் பீமுக்குள்ளே ஓடினால் அது ஹார்ட் கிளாஷ். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிற கதை. ஒன்றையொன்று தொடவில்லை, ஆனால் நடுவில் மனிதன் போகவர இடம் போதவில்லை என்றால் அது சொஃப்ட் கிளாஷ். மொடலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு எல்.ஓ.டி. என்று ஓர் அளவு. நூறு என்றால் வெறும் பெட்டி மாதிரி ஒரு வீடு. ஐநூறு என்றால் கட்டி முடித்ததை நேரில் போய் அளந்து சரிபார்த்த வீடு. அந்தக் கடைசி மொடலுக்குப் பெயர் அஸ்-பில்ட்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. படித்ததையெல்லாம் வீட்டில் அவிழ்த்துவிட்டேன். குசினியில் அம்மா ரொட்டி சுடும்போது பக்கத்தில் போய் நின்று, "அம்மா, நீங்களும் அந்தத் தண்ணிக் குடமும் சொஃப்ட் கிளாஷ்" என்பேன்.

"நீதான் இங்க கிளாஷு. நகரு புள்ள, கை சுட்டுக்கப் போற" என்பார் அம்மா.

அப்பா தவறிப்போனபிறகு அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. அண்ணன் திரும்ப அந்த வீட்டுக்கு வரவேண்டும். கல்யாணமானதும் அண்ணன் பலாபத்வலயில் வாடகைக்குப் போய்விட்டான். சண்டை ஒன்றும் இல்லை. இருந்ததே இரண்டு அறை; ஒன்றில் அம்மாவும் நானும், மற்றதில் அரிசி மூட்டையும் பழைய சாமானும். புதுசாகக் கல்யாணமானவர்களை எங்கே படுக்கவைப்பது? பலாபத்வல ஒன்றும் சீமையில் இல்லை, பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். ஆனாலும் அம்மா பாலில்லாத பிளேன்டி ஊற்றும்போது இன்னொரு கோப்பையை எடுத்துவிட்டு, பிறகு திருப்பிவைப்பார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்று அண்ணனே சொன்ன அன்று அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். எனக்கும் தலைகால் புரியவில்லை. சொந்த வீட்டையே புரொஜெக்டாக எடுத்துக்கொள்கிறேன் என்று சேரிடம் சொல்லிவிட்டேன். மாடியில் இரண்டு அறை, சின்னதாக ஒரு குசினி, பாத்ரூம் எல்லாம் என் இஷ்டப்படி போட்டேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"படி மட்டும் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். குசினிக்குப் பக்கத்தில வந்து இறங்கட்டும்."

அப்படியே வைத்தேன். மொடல் முடிந்ததும் கிளாஷ் இருக்கிறதா என்று சொஃப்ட்வெயரை ஓடவிட்டுப் பார்த்தேன். முட்டும் இடம் என்று படிக்கு மேலே சிவப்பாக எரிந்தது. மாடியைத் தாங்குகிற புதிய பீம் படிக்குக் குறுக்கே போகிறது. இறங்கிவருகிறவனின் தலைக்கும் பீமுக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளி இல்லை. அசல் சொஃப்ட் கிளாஷ். அண்ணன் வேறு பனைமர உயரம். பீமை நகர்த்தலாமென்றால் அதைத் தாங்கும் தூண் சாமி ரூமுக்கு நடுவில் வந்து நிற்கும். அப்பா பார்த்துப் பார்த்து மூலையில் வைத்த சாமி ரூம் அது. அதில் கைவைக்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். மேசையில் லெப்டொப்பை வைத்து எல்லாருக்கும் காட்டினேன். சிவப்பைப் பார்த்ததும் அம்மா பயந்துவிட்டார்.

"வீடு இடிஞ்சிருமா?"

"வீடு இடியாதும்மா. அண்ணனுக்குத் தலைதான் இடிக்கும்."

"அப்ப படியத் திருப்பு. இந்தப் பக்கமா வரட்டும்."

"இந்தப் பக்கம் உங்க ரூம். பாதி போயிரும்."

"போகட்டுமே. எனக்கு எதுக்கு அவ்வளவு பெரிய ரூம்? ஒரு கட்டில் போட்டாப் போதும்."

நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். அம்மாவின் அறையைக் குறுக்கி எங்களுக்கு ஒரு படியா, யாராவது கேட்டால் சிரிக்கமாட்டார்களா என்று அண்ணன் கோபப்பட்டான். உண்மையில் அது பாசம்தான். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். படியை வெளியே எடுத்துவிடலாம். குசினிச் சுவரை ஒட்டினாற்போல, கேட்டுப் பக்கத்திலிருந்து நேரே மேலே போகட்டும். பீமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சாமி ரூமும் தப்பியது, அம்மாவின் அறையும் தப்பியது. சொல்லிக்கொண்டே மௌஸால் படியைப் பிடித்து வெளியே வைத்தேன். சிவப்பு அணைந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அண்ணி மட்டும் மெதுவாகச் சொன்னார். "அத்தை சொல்ற மாதிரியே செஞ்சிருவோமே. உள்ளுக்கு இருந்தா நல்லதுதானே."

"அண்ணி, நீங்க வேற. அப்புறம் மொடல்ல கிளாஷ் இருக்குன்னு சேர் மார்க்க வெட்டிருவாரு" என்று அவர் வாயை அடைத்தேன். வந்த மருமகளே மாமியார் பக்கம் பேசினார், பெற்ற மகள் நான் சொஃப்ட்வெயர் பக்கம் பேசினேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

அம்மா கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். "மழைக்கு நனைஞ்சுகிட்டுப் போகணுமே."

"கூரை போட்டுருவோம்மா" என்றேன். போட்டும் காட்டினேன், நீலக் கலர் தகரம்.

மழையைத் தவிர வேறு எதையும் அவரால் சொல்ல முடியவில்லை. மகன் தன் கண்முன்னால் ஏறி இறங்கவேண்டும் என்று எந்தத் தாய்தான் மருமகளை வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கேட்பாள்? "சரி, நீ படிச்சவ. பார்த்துச் செய்" என்று எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

கட்ட வந்த மேசன் பாஸுக்கும் சந்தோஷம். பழைய சுவரை உடைக்கத் தேவையில்லை, வெளியே என்றால் வேலை லேசு. மொடலில் எப்படி இருந்ததோ அப்படியே எழுந்தது வீடு. நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக அளந்து அஸ்-பில்ட் செய்தேன். கிளாஷ் ஒன்றுகூட இல்லை. சேர் வகுப்பில் என் மொடலைத் திரையில் போட்டுக் காட்டிப் பாராட்டினார்.

அண்ணன் திரும்பி வந்தான். அம்மா ஆசைப்பட்டது நடந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

முதலில் வேலைவிட்டு வந்ததும் குசினி வாசலில் தலையை நீட்டி, "என்னம்மா கறி?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவான். பிறகு மழைநாட்களில் கேட்டருகே பைக்கை நிறுத்திவிட்டு, நான் போட்ட நீலக் கூரைக்குக் கீழே நனையாமல் நேரே ஏறிவிடுவான். பிறகு வெயில்நாட்களிலும் அப்படியே. குழந்தை பிறந்தது, மேலே அவர்களுக்குக் கை நிறைய வேலை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அண்ணி கறி ஆக்கினால் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போவார். ஆனால் கிண்ணம் கொடுக்க வருகிறவர் விருந்தாளி மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்பார். ஒரே வீட்டுக்குள் அப்படி யாராவது நிற்பார்களா?

நான் இப்போது கொழும்பில் ஓர் அலுவலகத்தில் மொடல் செய்கிறேன். ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று பெரிய பெரிய கட்டடங்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கிளாஷ் என்றால் என்ன என்று நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

போன முறை லீவில் போனபோது அம்மாவின் முழங்கால் நன்றாக வீங்கியிருந்தது. வெளிப்படியில் ஏறி மாதக்கணக்காகிவிட்டதாம். பேரனைப் பார்க்கவேண்டுமென்றால் போன் போடுகிறார், மேல்மாடிக்கு. சாயந்தரம் நாங்கள் இரண்டு பேரும் குசினியில் உட்கார்ந்திருந்தோம். நான் லெப்டொப்பில் ஏதோ வேலையாக இருந்தேன்.

"புள்ள, அதுல நம்ம வீடு இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா."

"இந்த வீடு இல்ல. மொதல்ல போட்டியே, உள்ளுக்குப் படி வச்சு. அது."

தேடி எடுத்தேன். பழைய மொடல்களை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. குசினிக்குப் பக்கத்தில் அந்தப் படி அப்படியே இருந்தது, பீமுக்குக் கீழே அதே சிவப்பு.

அம்மா கதிரையை நகர்த்தி, கிட்ட வந்து பார்த்தார். "இதுல அண்ணன் எங்க வந்து இறங்குவான்?"

"இங்க. நீங்க இப்ப இருக்கீங்களே, இந்த இடத்துக்கு நேரா."

"தலை இடிக்கும்னியே."

"நிமிந்து வந்தா இடிக்கும். கொஞ்சம் குனிஞ்சா இடிக்காதும்மா."

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பைக் வந்து நின்றது. கேட் திறந்தது. காலடிச் சத்தம் எங்கள் தலைக்கு மேலே ஏறிப் போனது. மேல்கதவு சாத்தப்பட்டது.

"குனிஞ்சு வந்திருப்பானே புள்ள" என்றார் அம்மா.