என் மகள் போர்த்திய பொன்னாடை

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கியிருந்த சமயம். திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மகளிர் சங்கம் ஒன்று விழா நடத்தியது. சொந்த உழைப்பில் முன்னுக்கு வந்த பெண்களுக்குப் பாராட்டு. அதே மேடையில், வசதியில்லாத வீட்டுப் பெண்பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவி. உதவி பெற வந்திருந்த பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி.

நான் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் லாரி டிரைவர். அசாம் பக்கம் லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேலாகும். நல்ல மனிதர்தான், ஆனால் ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி. மகள் பள்ளியில் படித்தபோது யாரோ ஒரு பிரமுகர் தன் பிறந்தநாளுக்குக் கொடுத்த புத்தகப்பையை மறுநாளே திருப்பிக் கொடுக்க வைத்தவர். தன் பிள்ளை யாரிடமும் கை நீட்டக்கூடாது, அவ்வளவுதான் அவர் கட்சி.

அந்த வருடம் லாரி பழுதாகி ஷெட்டில் வெகுநாள் நின்றுவிட்டது. மகளுக்கு நர்சிங் இரண்டாம் வருடப் பீஸ் கட்டியாக வேண்டும், இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அவர் லாரி கிளம்பிப் போன பிறகு நானே சங்கத்தில் போய்க் கேட்டேன். அவரிடம் சீட்டு எடுத்துக் கட்டுவதாகச் சொல்லிவிட்டேன். பொய்தான். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

மண்டபத்துக்குள் நுழைந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. மேடையோரம் பெரிய பெரிய அட்டைச் செக்குகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். சிறப்பு விருந்தினர் ஒரு முனையையும் பிள்ளை மறு முனையையும் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் ஒரு போட்டோ எடுத்தால், விழா முடிவதற்குள் அது டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விடும். அவர் கண்ணில் பட்டால் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

"போயிரலாம் சாமி, வேற எங்காச்சும் பொரட்டிக்கலாம்" என்றேன் மகளிடம்.

"எங்கம்மா பொரட்டுவ? நான் ஏறறேன். அப்பா திட்டுனா வாங்கிக்கறேன்" என்றாள். திட்டோடு நிற்காது என்பது அவளுக்குப் புரியவில்லை.

மேடைக்குப் பின்னால் சங்கத் தலைவியைத் தேடிப் போனேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், ரோஷக்காரர் என்று சொல்லி, போட்டோ இல்லாமல் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "குடுக்கறவங்க கண்ணுல பார்த்தாத்தானுங்க அடுத்த வருசமும் குடுப்பாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா காபி குடித்துக்கொண்டிருந்தார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை நடத்துபவர். அன்றைக்குப் பாராட்டுப் பெற வந்தவர். நல்ல உயரம், கணீரென்ற குரல்.

"ஊட்டுக்காரர் எந்த லைன்ல ஓட்டறாருங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"அசாம் லைனுங்க."

"அப்பச் சரி. போட்டோவப் பார்த்தா லாரிய நடுரோட்டுலயே நிறுத்திப்போடுவாரு" என்று சிரித்தார். பிறகு தலைவியிடம் திரும்பி, "எனக்குப் பொன்னாடைய இந்தப் புள்ள போடட்டுமுங்க. செக்க அவங்கம்மா கையில உள்ள வெச்சே குடுத்துருங்க" என்றார்.

"சிறப்பு விருந்தினர் போட்டாத்தானுங்க உங்களுக்கு மரியாதை."

"மரியாதை எனக்குத்தானுங்க? எனக்கு எது மரியாதைன்னு நாஞ் சொல்றனுங்க."

தலைவி அட்டைச் செக்குகளை ஓரமாக எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு எல்லாப் பிள்ளைகளுக்குமே அப்படிச் செய்துவிடலாம் என்றார். பணம் கொடுத்தவர்களின் பெயர்களை மைக்கில் வாசித்து நன்றி சொன்னார். சிறப்பு விருந்தினர் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. கை தட்டுவதைத் தவிர அவருக்கு மேடையில் வேலையில்லை.

என் மகள் குள்ளம். பொன்னாடையை விரித்தபோது எட்டவில்லை. அந்த அம்மா சிரித்துக்கொண்டே குனிந்து கொடுத்தார். அந்த நேரம் பார்த்து போட்டோ எடுத்துவிட்டார்கள்.

நினைத்த மாதிரியே, நாங்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே வீட்டுக்காரரிடமிருந்து போன். "நம்ம புள்ள மேடையேறுச்சாமா? இங்க டாபாவுல எல்லாருக்கும் காட்டிட்டேன்" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு நாளாகியிருந்தது. பணம் வந்த கதையை நான் அப்போதும் சொல்லவில்லை.

அவர் ஊருக்கு வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பரீட்சை முடிந்திருந்த தைரியம். சத்தம் போடுவார் என்று பார்த்தால், போனை எடுத்து அந்தப் போட்டோவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குனிஞ்சு நிக்கறது அந்தம்மாதான். நம்ம புள்ள நிமுந்துதான் நிக்குது" என்றார். மூன்றாம் வருடப் பீஸுக்குச் சங்கத்தில் எப்போது கேட்க வேண்டும் என்று அவரே விசாரித்தார்.

உதவி செய்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்குகிறவர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று யோசித்த ஒருவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.