இடம்பிடித்த குடம்

சுதந்திரம் வந்தபின் நடந்த முதல் தேர்தலில், முதல் தடவையாக ஓட்டுப் போடப் பெண்கள் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண், வீட்டில் பிள்ளை அழுகிறதென்று தண்ணீருக்குப் போகக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தை இடம்பிடிக்க வைத்துவிட்டு ஓடினாள். குடம் 'ணங்'கென்று தரையில் உட்கார்ந்ததும் அறுபது வருஷம் பின்னால் போய்விட்டேன்.

அப்போது மலைமேல் பெரியாறு அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அனுமந்தன்பட்டியில் எனக்கு ஏழு வயது. ஊருக்குப் புதுக் கிணறு எங்கே வெட்டுவதென்று மாதா கோயில் முன்னால் ஆம்பிளைகள் கூடி, ஊர்த்தலைவர் தோட்டத்தருகே என்று முடிவு செய்தார்கள். தண்ணீர் சுமக்கிறவர்களுக்கு அது அரை மைல் நடை. கூட்டத்தில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது. எங்க ஆத்தாவும் திறக்கவில்லை. விடிந்ததும், புளி போட்டுத் தேய்த்த வெறுங்குடத்தைத் தெருமுனையில் வைத்துவிட்டு வந்தாள். மதியத்துக்குள் ஊர்க் குடமெல்லாம் அதன் பின்னால் வரிசையாக நின்றது.

வேர்த்து விறுவிறுத்துச் சாப்பிட வந்த அய்யா, "தண்ணி எங்க?" என்றார்.

"குடம் அங்கன நிக்குது. கெணறு வெட்டுனதும் கொண்டாறேன்," என்றாள் ஆத்தா.

அய்யா சிரித்துவிட்டார். மம்பட்டியோடு தெருமுனைக்குப் போனால், அவருக்கு முன்னமே ஊர் ஆம்பிளைகளில் பாதிப்பேர் நாக்கு வறண்டு அங்கே நின்றார்களாம். கிணறு அங்கேயே வந்தது.

"யாரு குடம் இது? எடுங்க," என்றார் ஓட்டுச்சாவடிப் போலீஸ்காரர்.

"இருக்கட்டும் தம்பி. எங்க ஆத்தா காலத்துல குடம் மட்டுந்தான் வந்து நின்னுச்சு. நாங்க இப்பத்தான் வந்திருக்கோம்."