ஜோன்சன் என்றால் அமெரிக்கனா?

பலெர்மோவில் என் காலை வேலை அமெரிக்க அரசியல்வாதிகளின் முகத்தைத் துடைப்பதில்தான் தொடங்குகிறது. சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் எழுதுகிறேன். லிபெர்த்தா வீதிப் பக்கத்தில் சின்யோர் கத்தலானோ என்ற முதியவரின் வீட்டில் எனக்கு வேலை. வீட்டைத் துப்புரவாக்கி, மரக்கறி வெட்டிக் கொடுத்து, பின்னேரத்தில் அவரைக் கையில் பிடித்து உலாத்தக் கூட்டிப் போக வேண்டும். அவர் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். விறாந்தைச் சுவரில் மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் நான்கு அமெரிக்கர்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். ஒருவர் நகரபிதா, ஒருவர் மாநிலச் சபை உறுப்பினர், மற்ற இருவரும் எப்போதும் ஏதாவது ஒரு தேர்தலில் நின்றுகொண்டிருப்பவர்கள். நால்வருக்கும் கடைசிப் பெயர் கத்தலானோ. அமெரிக்காவில் இருக்கும் சின்யோரின் மச்சான் பத்திரிகையில் அந்தப் பெயரைக் கண்டால் வெட்டி அனுப்பிவிடுவார். எந்தக் கட்சி, என்ன கொள்கை என்பதெல்லாம் சின்யோருக்குப் பொருட்டில்லை. கத்தலானோ வென்றால் அன்றைக்கு எனக்கும் ஒரு இனிப்பு கிடைக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த நால்வரையும் பார்த்து நான் அசந்து போனேன். எங்கள் ஊரில் ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் நிற்பது தகப்பனின் பெயர். நான்கு பேருக்கு ஒரே பெயர் நின்றால் நால்வரும் ஒரு தகப்பனின் பிள்ளைகள், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? தெரிந்த கொஞ்ச இத்தாலியச் சொற்களைக் கூட்டிச் சேர்த்து, "உங்கள் அப்பாவின் பிள்ளைகள் எல்லோரும் பெரிய ஆட்களாகிவிட்டார்கள், வாழ்த்துகள்" என்றேன். சின்யோர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் அப்பா அமெரிக்காவுக்குப் போனதேயில்லை" என்றார். "அப்படியென்றால் அம்மாவா போனவர்?" என்று கேட்டுத் தொலைத்தேன். குசினியிலிருந்து அவருடைய மனைவி சின்யோரா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. இத்தனை வருடம் மருமகளாக இருந்தும் தனக்கு மாமியாரின் இந்தக் கதை தெரியாமல் போய்விட்டதே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்குத்தான் கொன்யோமே என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு விளங்கியது. அது ஒரு குடும்பத்தின் பெயர். பாட்டனிடமிருந்து பேரனுக்கு, பேரனிடமிருந்து பூட்டனுக்கு என்று அதே பெயர் போய்க்கொண்டேயிருக்கும். எங்களிடம் அப்படி இல்லை. மன்னாரில் என் அப்பாவின் பெயர் செபமாலை, ஆகவே நான் ஜோன்சன் செபமாலை. என் மகள் மெலனி ஜோன்சன். ஒரு தகப்பனின் பெயர் ஒரு தலைமுறை நின்று வேலை பார்த்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விட்டு விலகிவிடும். எனக்கு அந்த முறை பிடிக்கும். மெலனி பிறந்து, அவளுடைய பெயருக்குப் பின்னால் என் பெயரை முதன்முதலாக எழுதிய அன்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு கடைத்தெருவெல்லாம் நடந்தேன்.

ஜோன்சன் என்ற பெயரைக் கேட்டதும் சின்யோருக்குப் பொறாமை வந்துவிட்டது. "உன் பெயரில் ஜனாதிபதிமாரே இருந்திருக்கிறார்கள். எனக்கு நகரபிதாவுக்கு மேல் ஆளில்லை" என்றார். நான் பிறந்த காலத்தில் வானொலிச் செய்தியில் அந்தப் பெயர் அடிக்கடி அடிபட்டதாம். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது நல்ல பெயராகப் பட்டது. அது ஒரு குடும்பத்தின் பெயர், தனி ஆளின் பெயரில்லை என்று அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள்? எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் இரண்டு ஜோன்சன்மார் இருந்தார்கள், மீன்வாடி ஜோன்சனும் சைக்கிள்கடை ஜோன்சனும். எங்கள் மூவரில் அரசியலுக்குப் போனவர் மீன்வாடிக்காரர் மட்டும்தான். கோயில் பெருநாள் குழுவுக்குப் போட்டியிட்டுத் தோற்றுப்போனார்.

மெலனியும் தாயும் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தபோது இந்தப் பெயர் பள்ளிக்கூடத்திலும் விளையாட்டுக் காட்டியது. ஜோன்சன் என்று கண்டதும் ஆசிரியை அவளை அமெரிக்கப் பிள்ளை என்று நினைத்துவிட்டார். ஆங்கிலப் பாட்டுப் பாடச் சொன்னார். என் மகளும் சளைக்கவில்லை, தனக்குத் தெரிந்த மாதா பாட்டைத் தமிழிலேயே பாடி முடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தாள். வகுப்பில் எல்லோரும் அவளை ஜோன்சன் என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு மகன் பிறந்தான். டெறிக் என்று பெயர் வைத்தோம். பதிவு செய்ய நகரசபைக்கு, அதாவது கொமூனேக்குப் போனேன். பிள்ளையின் கொன்யோமே என்னவென்று எழுத்தர் கேட்டார். ஜோன்சன் என்றேன். அவர் என் கடவுச்சீட்டைப் பார்த்தார்.

"உங்கள் கொன்யோமே செபமாலை என்றுதானே இருக்கிறது?"

"அது என் அப்பா."

"சரி. உங்களுடையது?"

"அப்பாவுடையதுதான்."

"அப்படியென்றால் பிள்ளைக்கும் அதுதான்."

"இல்லை, பிள்ளைக்கு அப்பா நான்!"

அவர் பேனையை மேசையில் வைத்தார். "யார் இல்லையென்று சொன்னது?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். மகன் டெறிக் செபமாலை ஆகிவிட்டான்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி றீற்றா தலையில் கைவைத்தாள். "மகளுக்குப் பின்னாலை ஜோன்சன், மகனுக்குப் பின்னாலை செபமாலை. ஊர்ச் சனம் பாத்தா இவனை உங்கட தம்பி எண்டெல்லோ சொல்லும். அப்ப நான் மாமியின்ரை பிள்ளையையே பெத்து வைச்சிருக்கிறன்?" என்றாள். முதலில் இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த கிழமை மெலனி பள்ளிக்கூடத்தால் அழுதுகொண்டு வந்தாள். "அப்பா, ஜூலியா சொல்லுறாள், கொன்யோமே வேறையெண்டா அவன் என்ரை ஃபிராத்தெல்லோ இல்லையாம். உண்மையோ?" என்று கேட்டாள். ஃபிராத்தெல்லோ என்றால் சகோதரன்; ஜூலியா அவளோடு ஒரே வகுப்பில் படிப்பவள். தம்பி வேண்டுமென்று வருடக்கணக்காக மாதாவிடம் நேர்ந்து கேட்ட பிள்ளை அவள். கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் வழி கேட்டேன். எழுதிய பெயரை மாற்றுவது லேசில்லை என்றார்கள். மெலனியின் பெயரைத் தூதரகத்தில் செபமாலை என்று மாற்றலாம் என்று ஒருவர் சொன்னார். அவளோ, "நான் ஜோன்சன். மாத்தமாட்டன்" என்று அடம்பிடித்தாள். உண்மையைச் சொன்னால், அவள் அடம்பிடித்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோசம். ஆனால் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் இந்த ஊர் அக்கா தம்பி என்று நினைக்காமல் போய்விடுமோ என்ற பயம் என்னை விடவில்லை.

அந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் தேர்தல் வந்தது. விறாந்தைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிய இரண்டு கத்தலானோக்களும் ஒரே பதவிக்கு எதிரும் புதிருமாக நின்றார்கள். சின்யோருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கத்தலானோ தோற்கவே முடியாத தேர்தல் என்று உலாத்தும் வழியில் கண்டவர்களை எல்லாம் மறித்துச் சொன்னார். மச்சான் தொலைபேசியில் சொன்ன செய்தி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டது. இரண்டு பேரும் கூட்டத்துக்குக் கூட்டம், "அவருக்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். சின்யோர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். சின்யோரா கோப்பையைத் திரும்ப அவர் முன்னால் இழுத்து வைத்தார். என் வீட்டுக் கதையை நான் சின்யோராவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டு தடியன்கள் உறவில்லை என்று கத்துகிறார்கள். வேறு வேறு பெயரை வைத்துக்கொண்டு இவன் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை, அவன் என் தம்பிதான் என்று அழுகிறது. இதில் யார் குடும்பம்? பேசாமல் சாப்பிடுங்கள்" என்றார் சின்யோரா. சின்யோர் என்னைப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்தார்.

ஒரேத்தோ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மெலனியிடம் இதைச் சொன்னேன். அவள் தம்பியின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அங்கை பெயர் ஒண்டு, ஆக்கள் வேறை. இஞ்சை ஆக்கள் ஒண்டு, பெயர் வேறை. என்னப்பா?" என்றாள். "ஓம்" என்றேன். "நாளைக்கு ஜூலியாவுக்குச் சொல்லுறன்" என்றாள். சொல்லியும் விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜூலியாவே தாயோடு வந்து, டெறிக்கின் மூக்கும் மெலனியின் மூக்கும் ஒன்றா என்று பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு போனாள்.

அப்பா அப்போது கொழும்பில் அக்காவோடு இருந்தார். தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். பேரனுக்குத் தன் பெயர்தான் பின்னால் நிற்கிறது என்றதும், "அப்ப அவன் என்ரை கடைசி மகன். நீ தமையன். ஒழுங்காய்ப் பாத்துக்கொள்ளு, என்ன?" என்றார். குரலில் சிரிப்பும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. போரில் அவருடைய வள்ளம் போய்விட்டது, வீடு போய்விட்டது. பெயர் மட்டும், அவர் வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஒரு ஊரில் இனி பேரன், பூட்டன் என்று போய்க்கொண்டிருக்கப் போகிறது.

கிழமைக்குள் மெலனி வெளிக்கதவின் அழைப்புமணிக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு மட்டை செய்தாள். தன்னுடைய கொன்யோமே மேலே, தம்பியுடையது கீழே. நேற்று அதன் முன்னால் புதிய தபால்காரர் குழம்பிப்போய் நின்றார். "இங்கே இரண்டு குடும்பமா? நீங்கள் எந்தக் குடும்பம்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தவன் மட்டையை மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்தேன். மகளின் பெரிய, கோணல் எழுத்தில், மேலே ஒரு சொல்லும் கீழே ஒரு சொல்லுமாக, ஜோன்சன் செபமாலை என்று என் முழுப் பெயரும் இருந்தது.